புகும் வழியும் மீளும் வழியும்

பாரதப் போரின் பதின்மூன்றாம் நாளில் சக்கரவியூகத்தைப் பிளந்து உட்புகுந்த அபிமன்யுவின் கதையை அறியாத தமிழர் இலர். அவன் புகும் வழி அறிந்தவன். மீளும் வழி அறியாதவன். பின்தொடர்ந்து வந்து வழியைத் திறந்து வைப்போம் என்று வாக்களித்த பெரியோர், சயத்திரதனால் தடுக்கப்பட்டு வெளியிலேயே நின்றுவிட்டனர். தெருக்கூத்திலும் பாரதச் சொற்பொழிவிலும் இக்கட்டம் வரும்போது கேட்போர் கண் கலங்குவது, அவனுடைய வீரத்தை எண்ணி மட்டுமன்று. திறந்திருக்கும் என்று நம்பிய வழி அடைபட்டுப் போனதை எண்ணியும் ஆகும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்கு மலைகளில் புதியதொரு தொழில் பிறந்தது. சாலையோ ஒற்றையடிப் பாதையோ இல்லாத ஆழ்பள்ளத்தாக்குகளில் ஹெலிகாப்டரில் சென்று இறங்கிக் காட்டுத் தீயை அடக்கும் சிறு குழுவினரின் தொழில் அது. அதன் வரலாற்றை ஓர் இயந்திரத்தின் வளர்ச்சியாகச் சொல்லிவிடுதல் எளிது. ஆயினும் அவ்வரலாற்றின் உள்ளோட்டமாக இருப்பது ஒரு வினாவே. இறங்கியவன் எவ்வாறு மீள்வான்? இவ்வினாவுக்கு விடை காண அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. விடையின் ஒவ்வொரு பகுதியும் சில இளைஞர்களின் உயிரை விலையாகக் கொண்டது.

1. மலையின் வாயிலும் திரும்பா நதியும்

1805ஆம் ஆண்டு, மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் ஆகிய இருவர் தலைமையில் ஒரு பயணக்குழு, பசிபிக் பெருங்கடலை நோக்கிக் கண்டத்தின் மேற்குப் பகுதியைக் கடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு ஜூலையில், இன்றைய மான்டானா மாநிலத்தில், மிசூரி ஆறு உயர்ந்த சுண்ணாம்புப் பாறைச் சுவர்களுக்கு இடையே ஓடும் இடத்தை லூயிஸ் கண்டார். அதற்கு 'மலைகளின் வாயில்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். அடுத்த மாதம் கிளார்க், இன்றைய ஐடஹோ மாநிலத்திலுள்ள சால்மன் ஆற்றின் வழியே மேற்கு நோக்கிச் செல்ல முயன்றார். செங்குத்தான கரைகளையும் வெண்ணுரை பொங்கும் நீர்ப்பாய்ச்சலையும் கண்டு, இது வழியன்று எனத் தெளிந்து திரும்பினார். பின்னாளில் அந்த ஆற்றுக்குத் 'திரும்பா நதி' என்ற பெயர் வழங்கலாயிற்று. படகில் கீழ்நோக்கிப் போகலாம். எதிர்த்து மேலே வர இயலாது என்பதே பெயரின் காரணம். சில இடங்களில் ஒரு மைலுக்கும் மிகுந்த ஆழம் உடையது அப்பள்ளத்தாக்கு.

ஒன்று வாயில்; மற்றொன்று திரும்பாமை. இவ்விரு பெயர்களுக்கும் இடையில்தான் பின்வரும் வரலாறு நிகழ்கிறது.

இத்தகைய நிலத்தில் தீயின் போக்கு சமவெளியில் உள்ளது போன்றதன்று. சரிவின் மேல்நோக்கி எரியும்போது, சுடர் தனக்கு மேலுள்ள புல்லையும் புதரையும் தழுவிச் சாய்ந்து, எரியும் முன்பே அவற்றை உலர்த்திச் சூடேற்றிவிடுகிறது. ஆகவே சரிவு செங்குத்தாக ஆக, தீயின் விரைவும் பெருகுகிறது. மனிதனுக்கோ ஏற்றம் கூடக்கூட விரைவு குறைகிறது. பகலில் வெயிலால் சூடேறிய காற்று பள்ளத்தாக்கின் வழியே மேலேறும். இரவில் குளிர்ந்து கீழிறங்கும். இந்த அன்றாட ஒழுங்கினிடையே வெளியிலிருந்து ஒரு பலத்த காற்று புகுந்துவிட்டால், சிறு மலையிடுக்கு ஒவ்வொன்றும் அடுப்பின் புகைபோக்கியாக மாறும். எரியும் கட்டைகளும் காய்களும் உருண்டு சென்று, மேலே வேலை செய்வோருக்குக் கீழே புதிய தீயை மூட்டுவதும் உண்டு. கீழே தீ, மேலே பாறை என்ற நிலை அவ்வாறே உண்டாகிறது.

2. குடையில் இறங்கியோர்

சாலையற்ற காடுகளில் மின்னலால் மூளும் தீயை அடைய, நடையும் கோவேறு கழுதையுமே முற்காலத்தில் துணையாக இருந்தன. தீ மூண்ட இடத்தை ஆட்கள் அடைவதற்குள் ஒன்றிரண்டு நாள் கழிந்துவிடும். அதற்குள் சிறு தீ பெருந்தீயாகிவிடும். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20, 21 ஆகிய இரு நாள்களில் ஐடஹோ, மான்டானா பகுதிகளில் சுமார் முப்பது இலட்சம் ஏக்கர் காடு எரிந்தது. அந்த நினைவு அமெரிக்க வனத்துறையின் மனத்தில் ஆழப் பதிந்தது. தீயைச் சிறிதாக இருக்கும்போதே அடைய வேண்டும் என்பதே அதன் பின்னர் அத்துறையின் தலையாய நோக்கமாயிற்று.

அந்நோக்கத்தின் விளைவாக, 1940ஆம் ஆண்டு வானூர்தியிலிருந்து பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. புகுவதற்கான சிக்கல் தீர்ந்தது. மீள்வதற்கோ இரு கால்களையே நம்ப வேண்டியிருந்தது. குதித்தவர் தம் சுமை முழுவதையும் முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தே திரும்பினர்.

1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், மலைகளின் வாயிலை அடுத்த 'மேன் கல்ச்' என்னும் மலையிடுக்கில் 15 பேர் குதித்தனர். அவர்களோடு கொண்டுவந்த வானொலிக் கருவியின் பாராசூட் விரியாமையால் அது விழுந்து நொறுங்கியது. அங்கு ஏற்கெனவே தனித்து நின்று தீயோடு போராடிக்கொண்டிருந்த காவலர் ஒருவரும் அவர்களோடு சேர்ந்தார். ஆற்றை நோக்கி இறங்கிச் சென்றபோது, தீ தங்களுக்குக் கீழே, ஆற்றுக்கும் தங்களுக்கும் இடையே தாவிவிட்டதைக் கண்டனர். திரும்பி, உலர்ந்த புல் மண்டிய சரிவில் மேல்நோக்கி ஓடினர்.

குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ், துரத்தி வந்த தீக்கு முன்பாக நின்று, தீக்குச்சியைக் கிழித்துத் தம் காலடியில் இருந்த புல்லுக்கே நெருப்பு வைத்தார். அது எரிந்தகன்ற கருநிலத்தில் படுத்துக்கொண்டு, மற்றவரையும் வருமாறு அழைத்தார். எரிந்த இடம் மீண்டும் எரியாது என்பது அவர் எண்ணம். புல்வெளி வாழ் மக்கள் இம்முறையை அறிந்திருந்தனர். பெனிமோர் கூப்பர் 1827ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி பிரெய்ரி' என்னும் நாவலிலும் இது வருகிறது. ஆனால் அன்று அந்தச் சரிவில் ஓடிய இளைஞருக்கு இது எவராலும் கற்பிக்கப்படவில்லை. தலைவர் அறிவு கலங்கினார் என்றே அவர்கள் கருதியிருக்கக்கூடும். ஒருவரும் அந்த வட்டத்திற்குள் வரவில்லை. இருவர் மேட்டிலிருந்த பாறைப் பிளவின் வழியே ஏறித் தப்பினர். டாட்ஜ் சாம்பலில் கிடந்து பிழைத்தார். ஏனைய 13 பேரும் இறந்தனர்.

அவர்கள் வீழ்ந்த இடங்களில் 13 சிலுவைகள் நடப்பட்டன. இறந்தோருள் ஒருவர் யூத சமயத்தவர் என்பதால், அரை நூற்றாண்டுக்குப் பின் அவருடைய சிலுவையின் இடத்தில் தாவீதின் நட்சத்திரம் பொறித்த கல் வைக்கப்பட்டது. காலம் கடந்தேனும் இறந்தவனை அவனுக்குரிய அடையாளத்தால் நினைக்க வேண்டும் என்ற அக்கறை போற்றத்தக்கது.

3. சுழல் விசிறியின் வருகை

மேன் கல்ச் நிகழ்ச்சிக்கு முன்பே, போகவும் வரவும் வல்ல ஊர்தி ஒன்று பிறந்துவிட்டது. ஆர்தர் யங் என்பவர் கணிதமும் தத்துவமும் கற்றவர். பத்தாண்டுகளுக்கு மேலாகத் தனியே சிறு மாதிரிகளைச் செய்து பறக்கவிட்டுப் பார்த்தவர். 1941ஆம் ஆண்டு பெல் நிறுவனத்தில் சேர்ந்து, விசிறியின் தடுமாற்றத்தை அடக்கும் ஒரு சமன்கோலை அமைத்து, ஹெலிகாப்டரை நிலையாகப் பறக்கச் செய்தார். அவர் வடிவமைத்த 'பெல் 47', 1946ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள், குடிமக்கள் பயன்பாட்டிற்கான உரிமம் பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆயிற்று. பின்னாளில் யங் இயந்திரங்களை விட்டு மீண்டும் தத்துவத்திற்கே திரும்பினார் என்பதும், அவர் ஆக்கிய ஊர்தி ஒன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கலைப்பொருளாகத் தொங்கவிடப்பட்டுள்ளது என்பதும் கலை நெஞ்சினர் அறிந்து மகிழத்தக்க செய்திகள்.

1947ஆம் ஆண்டு, தெற்குக் கலிபோர்னியாவின் ஏஞ்சலஸ் தேசியக் காட்டில் மூண்ட தீயில் இவ்வகை ஹெலிகாப்டர்கள் முதன்முதலாகப் பணியாற்றின. 1954ஆம் ஆண்டு 'ஆபரேஷன் ஃபயர்ஸ்டாப்' என்ற பெயரில் நடைபெற்ற தொடர் ஆய்வில், ஹெலிகாப்டரிலிருந்து நீர் பொழிதல், மலைச்சரிவில் குழாய் விரித்தல் போன்றவை சோதித்துப் பார்க்கப்பட்டன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், ஹெலிகாப்டரோடு இணைந்தே வாழும் தனிக்குழுக்கள் உருவாயின. ஹெலிகாப்டர், அட்டாக் என்னும் இரு சொற்களும் புணர்ந்து 'ஹெலிட்டாக்' என்பது அவர்களுடைய பெயராயிற்று.

அவர்களுடைய பணியின் பெரும்பகுதி கணக்கேயாகும். வெப்பமும் உயரமும் மிகும்போது காற்றின் அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்த காற்றில் விசிறிக்குப் பிடிப்பும் எந்திரத்திற்கு ஆற்றலும் குறைகின்றன. காலையில் ஐவரைச் சுமந்த ஊர்தி, நண்பகல் வெயிலில் மலையுச்சியில் மூவரைத்தான் சுமக்கும் என்ற நிலை வரலாம். ஆகவே ஒவ்வொரு பயணத்திற்கு முன்பும் இறங்குமிடத்தின் உயரம், வெப்பம், எரிபொருளின் எடை, ஆட்களின் எடை, அவர்கள் கையிலுள்ள கோடரி, நீர்ப்புட்டி, சோற்று மூட்டை ஆகியவற்றின் எடை எல்லாம் எழுதிக் கூட்டப்படும். தன் உடல் எடையைக் குறைத்துச் சொல்பவன் அங்கே எல்லோருக்கும் பகைவன் ஆவான்.

அடுத்த பணி இறங்குதளம் அமைத்தல். சிறு வகை ஹெலிகாப்டருக்கு 15 அடிச் சதுரத்தில் சமநிலமும், அதைச் சுற்றி 75 அடி விட்டத்தில் இடையூறற்ற வெளியும் வேண்டும். செங்குத்து மலையில் அத்தகைய இடம் இயல்பாக அமைவது அரிது. மரத்தை வெட்ட வேண்டும்; புதரைக் களைய வேண்டும்; பாறையைப் புரட்ட வேண்டும். ஊர்தியை அணுகும்போது மேட்டுப் பக்கமிருந்து வரலாகாது. சரிவு உயர்ந்திருப்பதால் விசிறி தலைக்கு எட்டிவிடும். பின்புறமாகவும் செல்லலாகாது, வால் விசிறி சுழலும்போது கண்ணுக்குத் தெரியாது. குனிந்து, ஓட்டுநரின் பார்வை படும் வழியில் வந்து, அவ்வழியே போதல் வேண்டும். பக்கெட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு ஆற்றிலோ குளத்திலோ நீர் முகந்து தீயின் மேல் ஊற்றச் செய்வதும், வலையில் கட்டிய உணவையும் கருவிகளையும் மேலே அனுப்புவதும் இவர்களுடைய பொறுப்புகளே.

நீர் ஊற்றுவதால் மட்டும் தீ அணைவதில்லை. அது தீயின் சீற்றத்தைச் சிறிது நேரம் தணிக்கும். அந்த நேரத்திற்குள் மனிதர் கீழே நின்று, மண் தெரியும்வரை சருகையும் வேரையும் வெட்டி அகற்றித் தீத்தடுப்புக் கோடு இழுக்க வேண்டும். ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் மண்வெட்டியும் அமைந்த 'புலாஸ்கி' என்னும் கருவி இன்றும் அதற்குப் பயன்படுகிறது. 1910ஆம் ஆண்டுப் பெருந்தீயில் தம் ஆட்களைச் சுரங்கத்துள் கொண்டுசென்று, பெரும்பாலோரைக் காத்த வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயரால் அது வழங்குகிறது. வானில் எவ்வளவு நுட்பமான இயந்திரம் வந்தபோதிலும், தரையில் மனிதனின் கையே தீயை நிறுத்துகிறது.

1970களில், ஹெலிகாப்டர் தரையிறங்க இயலாத இடங்களில் அது அந்தரத்தில் நிற்க, வீரர் கயிற்றின் வழியே இறங்கும் முறையும் பரவியது. புகும் வழி மேலும் எளிதாயிற்று. ஆனால் கயிற்றின் வழியே இறங்கியவர் அதே கயிற்றின் வழியே ஏற முடியாது. அவர் மீள்வதற்கு, இறங்கிய பின் தாமே ஒரு தளம் அமைக்க வேண்டும். அன்றேல் நடக்க வேண்டும். இயந்திரம் இருவழி ஊர்தியாயினும், அந்த நேரத்தில் வழி மீண்டும் ஒன்றாகவே ஆகிவிடுகிறது.

4. இறந்தோர் எழுதிய கட்டளைகள்

1953ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் 'ராட்டில்ஸ்நேக்' தீயில் 15 பேரும், 1956ஆம் ஆண்டு அம்மாநிலத்தின் தென்கோடியில் 'இனஹா' தீயில் 11 பேரும் மலையிடுக்குகளில் மாண்டனர். அதன்பின் 1957ஆம் ஆண்டு, வனத்துறை அமைத்த குழு ஒன்று, 1937 முதல் 1956 வரை உயிர்ச்சேதம் விளைத்த 16 தீ நிகழ்ச்சிகளை ஆராய்ந்தது. அவ்வாராய்ச்சியின் பயனாகப் பத்துக் கட்டளைகள் வகுக்கப்பட்டன. வானிலையை அறிந்திரு, தீ என்ன செய்கிறது என்பதை எப்போதும் தெரிந்திரு, தப்பும் வழியை அறிந்து வை, ஆபத்து இருக்கும் இடத்தில் காவலர் நிறுத்து என்பன போன்றவை அவை. ஒவ்வொன்றும் ஒரு வரியில் அடங்குவது. அந்த ஒரு வரியைப் பெறுவதற்கு எத்தனை உயிர் போயிற்று என்பதை எண்ணுங்கால், சுருங்கச் சொல்லல் என்னும் அழகு வேறொரு பொருள் பெறுகிறது.

கட்டளை எழுதப்பட்டதும் இறப்பு நின்றுவிடவில்லை. 1966ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், ஏஞ்சலஸ் காட்டின் 'லூப்' தீயில், புகைபோக்கி போன்ற ஓர் இடுக்கில் கீழ்நோக்கிக் கோடு இழுத்துச் சென்ற குழுவை, கீழிருந்து எழுந்த தீ ஒரு நிமிடத்திற்குள் கடந்து சென்றது. 12 பேர் உயிரிழந்தனர். கீழ்நோக்கி வேலை செய்வதற்குத் தனி விதிகள் அதன்பின் வந்தன. 1990ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அரிசோனாவின் 'டியூட்' தீயில் 6 பேர் மாண்டனர். அன்று அத்தீயில் பணியாற்றிய பால் கிளீசன் என்னும் குழுத் தலைவர், அடுத்த ஆண்டு, நீண்ட பட்டியல்களை நான்கே சொற்களாக்கி முன்வைத்தார். காவல் நோக்கு, தொடர்பு, தப்பும் வழி, புகலிடம் என்பன அவை. களத்தில் நிற்பவனுக்கு நினைவில் நிற்கும் சொல் வேண்டும். நீண்ட உரை வேண்டா என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1994ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் கொலராடோ மாநிலத்தில் நிகழ்ந்தது இவ்வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று. 'சவுத் கேன்யன்' தீ என்று அது பெயர் பெற்றது. உண்மையில் தீ எரிந்ததோ ஆற்றுக்கு மறுபுறம் உள்ள ஸ்டார்ம் கிங் மலையில். முதல் செய்தியில் நேர்ந்த இடப்பிழை நிலைத்துவிட்டது. நான்கு நாள்களுக்கு முன் மின்னலால் மூண்ட அத்தீ தொடக்கத்தில் மிகச் சிறியது. அன்று மலைமேல் 49 பேர் இருந்தனர். மேற்குச் சரிவில், அடர்ந்த குறுங்கருவாலிப் புதர்களின் ஊடே கீழ்நோக்கிக் கோடு இழுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பிற்பகலில் வறண்ட குளிர்காற்று முகம் ஒன்று அப்பகுதியைக் கடந்தது. காற்று திரும்பியது, பள்ளத்தின் அடியில் புகுந்த தீ சரிவில் பாய்ந்தேறியது. 14 பேர் இறந்தனர். ஒரேகான் மாநிலத்திலிருந்து வந்த தீயணைப்புக் குழுவினர் 9 பேர்; பாராசூட் வீரர் 3 பேர்; ஹெலிட்டாக் குழுவினர் 2 பேர். அவ்விரு ஹெலிட்டாக் வீரரும் மலைமுகட்டில் நின்றவர்கள். முகட்டின் வழியே வடமேற்காக ஓடி, பாறைச் செறிவை நெருங்கிய இடத்தில் வீழ்ந்தனர்.

மேன் கல்ச்சும் ஸ்டார்ம் கிங்கும் இலக்கியத்தின் வழியேயும் இணைந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த நார்மன் மெக்ளீன், ஓய்வுக்காலத்தில் மேன் கல்ச் இளைஞர்களின் இறுதி நிமிடங்களைத் தேடி, முதிய வயதில் அச்சரிவிலேயே ஏறி இறங்கினார். 1990ஆம் ஆண்டு அவர் மறைந்தார். முற்றுப்பெறாத கைப்படி 'யங் மென் அண்ட் ஃபயர்' என்ற பெயரில் 1992ஆம் ஆண்டு வெளிவந்தது. அவருடைய மகன் ஜான் மெக்ளீன், ஸ்டார்ம் கிங் துயரத்தை ஆராய்ந்து 1999ஆம் ஆண்டு நூல் வெளியிட்டார். தந்தை விட்ட இடத்திலிருந்து மகன் தொடர நேர்ந்தது இலக்கியத்துக்குப் பெருமை. தீயணைப்புப் பணிக்கோ பெருந்துயர்.

5. திரும்பா நதிக்கரையில்

2003ஆம் ஆண்டு ஜூலை மாதம், சால்மன் ஆற்றின் பள்ளத்தாக்கில், கிரேமர் ஓடைக்கு அருகே மின்னலால் ஒரு தீ மூண்டது. 22ஆம் நாள் காலை, ஹெலிட்டாக் வீரர் இருவர் ஒரு முகட்டில் கயிற்றின் வழியே இறக்கப்பட்டனர். இருவரும் இருபதுகளில் இருந்த இளைஞர். அவர்களுக்கு இடப்பட்ட பணி தீயை அணைப்பதன்று. பின்னர் வரவிருந்தோர் இறங்குவதற்கு ஒரு தளம் அமைத்தல். பிறருக்கு வழி திறத்தலே அவர்களுடைய அன்றைய கடமை.

வேலை எதிர்பார்த்ததைவிட நீண்டது. நண்பகல் கடந்தது, வெப்பம் ஏறியது, காற்று வலுத்தது. அவர்களுக்குக் கீழே இருந்த ஓடைப்பள்ளத்தில் தீ பற்றி வளர்ந்தது. பிற்பகல் மூன்று மணியளவில், தங்களை எடுத்துச் செல்ல ஹெலிகாப்டர் வேண்டும் என்று வானொலியில் கேட்டனர். உடனே வர ஊர்தி இல்லை. வந்த ஊர்தியையோ புகை இறங்கவிடவில்லை. அன்று காலை அவர்களைக் கொண்டுவந்து இறக்கிய அதே வானம், பிற்பகலில் அடைபட்டிருந்தது. சயத்திரதன் காத்த வாயிலைப் போலப் புகை குறுக்கே நின்றது. தாம் மரம் வெட்டிச் செப்பனிட்ட தளத்திற்கு அருகிலேயே இருவரும் இறந்துகிடந்தனர்.

தீயின் போக்கை அறிதல், காவல் நிறுத்தல், தப்பும் வழியை உறுதிசெய்தல் ஆகிய அடிப்படை விதிகள் அன்று கைவிடப்பட்டன என்பதைப் பின்னர் நிகழ்ந்த விசாரணைகள் எடுத்துக்காட்டின. விதிகள் எழுதப்பட்டு 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்விளைஞர் அவ்விதிகளைப் பயிற்சியில் கற்றவர்கள். அவர்களை அனுப்பியோரும் கற்றவர்களே. பிழை எங்கே நுழைந்தது? ஹெலிகாப்டர் அழைத்தால் வரும் என்ற நம்பிக்கையில் நுழைந்தது எனலாம். ஊர்தியையே தப்பும் வழியாகக் கணக்கிடும்போது, புகையும் காற்றும் எரிபொருளும் எந்திரமும் அந்த வழியின் பகுதிகளாகிவிடுகின்றன. அவற்றுள் ஒன்று பிழைத்தாலும் வழி இல்லை. நடையை மட்டுமே நம்பிய பழங்காலத்தவன் இறங்குவதற்கு முன் பாதையைப் பார்த்துக்கொண்டான். வானத்தை நம்பியவன் அதைப் பார்க்க மறந்தான்.

6. மூன்று வினாக்கள்

2008ஆம் ஆண்டு கோடையில், வடகலிபோர்னியாவின் டிரினிட்டி மலைப்பகுதியில், 11 நாள் இடைவெளியில் இரு துயரங்கள் நேர்ந்தன. ஜூலை 25ஆம் நாள், மரம் வெட்டும் பணியில் அடிபட்டு 18 வயது வீரர் ஒருவர் காலில் பெருங்காயமுற்றார். குருதி வடிந்துகொண்டிருந்தது. அடர்ந்த புகையின் இடையே, அவரை எவ்வாறு, எதில், யார் வெளியே கொண்டுசெல்வது என்பதில் நேரம் கழிந்தது. மருத்துவமனை சென்று சேருமுன் அவர் உயிர் பிரிந்தது.

ஆகஸ்டு 5ஆம் நாள், மேன் கல்ச் துயரத்தின் ஐம்பத்தொன்பதாம் நினைவு நாளில், மலைமேல் வேலை செய்தவர்களைத் திரும்ப அழைத்துச் செல்ல வந்த பெரிய சிக்கோர்ஸ்கி ஹெலிகாப்டர் ஒன்று, 13 பேருடன் எழும்பியவுடன் மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. 9 பேர் இறந்தனர். ஊர்தியின் வெற்று எடை உண்மையைவிடக் குறைத்துக் காட்டப்பட்டிருந்தது என்றும், அதனால் தாங்கக்கூடியதைவிட மிகுந்த சுமை ஏற்றப்பட்டது என்றும் நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010ஆம் ஆண்டு முடிவு கூறியது. அதாவது அவர்கள் தீயால் சாகவில்லை. பொய்யான ஓர் எண்ணால் செத்தனர். கணக்கே உயிர் என்று வாழும் தொழிலில், கணக்கே பொய்த்தது.

இவற்றின் பின்னர், தரையில் நிற்கும் எளிய பணியாளன் வரை எல்லோரும் வேலை தொடங்கும் முன் கேட்டுத் தெளிய வேண்டிய மூன்று வினாக்கள் வகுக்கப்பட்டன. ஒருவருக்கு அடிபட்டால் என்ன செய்யப்போகிறோம்? அவரை இங்கிருந்து எவ்வாறு வெளியே கொண்டுசெல்வோம்? மருத்துவமனை சேர எவ்வளவு நேரம் ஆகும்? தீயணைப்போர் தம் சட்டைப்பையில் வைத்திருக்கும் சிறு கையேட்டில் இவை இடம்பெற்றன. அடிபட்டவரை ஹெலிகாப்டரின் அடியில் கயிற்றில் பிணைத்து உடனே தூக்கிச் செல்லும் முறையையும் வனத்துறை அடுத்த ஆண்டுகளில் மேற்கொண்டது. கயிற்றின் வழியே இறங்கியவனைக் கயிற்றின் வழியே மீட்கும் வழி அவ்வாறு அமைந்தது.

1957ஆம் ஆண்டின் பத்தும் கட்டளைகள். 1991ஆம் ஆண்டின் நான்கும் சொற்கள். 2008ஆம் ஆண்டிற்குப் பின் வந்த மூன்றும் வினாக்கள். இந்த மாற்றம் கூர்ந்து நோக்கத்தக்கது. கட்டளை மேலிருந்து வருவது. கேட்பவன் பணிந்துவிட்டு மறந்துவிடலாம். வினாவோ விடையைக் கேட்கிறது. விடை சொல்ல இயலாதவன் இறங்கக் கூடாது. விடை சொல்ல இயலாதவன் பிறரை இறக்கவும் கூடாது. கடைநிலைப் பணியாளன் தன் தலைவனை நோக்கி, என்னை எவ்வாறு மீட்பாய் என்று வாய் திறந்து கேட்கும் உரிமையை இம்மூன்று வரிகள் தந்தன. எந்த இயந்திரமும் தராத பாதுகாப்பு அது.

பாண்டவர் பாசறையிலும் அபிமன்யு தனக்கு மீளும் வழி தெரியாது என்று மறைக்காமல் சொல்லித்தான் புறப்பட்டான். அதைக் கேட்ட பெரியோர், பின்னால் வருகிறோம் என்றனர். வர இயலாமற் போனால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு வினா கேட்கப்படாத குறையே அவனைக் கொன்றது. சால்மன் ஆற்றின் முகட்டில் இரு இளைஞர் வெட்டிய தளத்திற்கும் அப்பாசறைக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிதன்று.

இன்றும் ஒவ்வொரு கோடையிலும் அம்மலைகளில் மின்னல் விழுகிறது. விடியலில் ஹெலிட்டாக் குழுவினர் ஊர்தியின் அருகே கூடி, எடையைக் கூட்டி எழுதுகின்றனர், வானிலையைக் கேட்கின்றனர், பின் அம்மூன்று வினாக்களையும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர். விடை கிடைத்த பின்னரே விசிறி சுழலத் தொடங்க வேண்டும். பதின்மூன்று சிலுவைகளின் காலம் முதல் இறந்தோர் யாவரும் இருப்போருக்கு விட்டுச் சென்றது இதுவே.